ஆலமரத்தடியில் கிடக்கும் ஆய்வுகள்

விக்கிப்பீடியாவைப் பற்றி நடந்த ஆய்வுகளில் எல்லோருக்கும் தெரிந்தது ஒன்றுதான். 2005 டிசம்பரில் ‘நேச்சர்’ இதழ் 42 அறிவியல் தலைப்புகளை எடுத்துக்கொண்டது. ஒவ்வொன்றுக்கும் விக்கிப்பீடியாக் கட்டுரையையும் பிரிட்டானிகா கட்டுரையையும், எது யாருடையது என்று சொல்லாமல், அந்தத் துறை நிபுணர்களிடம் கொடுத்துப் பிழை பார்க்கச் சொன்னது. விக்கியில் 162 பிழைகள், பிரிட்டானிகாவில் 123. அதாவது கட்டுரைக்கு ஏறக்குறைய நான்குக்கு மூன்று. பிரிட்டானிகா கொதித்துப்போய் 2006 மார்ச்சில் நீண்ட மறுப்பு ஒன்றை வெளியிட்டது. நேச்சர் பின்வாங்கவில்லை. இன்றைக்கும் யாராவது “விக்கியெல்லாம் ஒரு ஆதாரமா?” என்று கேட்டால், பதிலுக்கு இந்தக் கணக்கைத்தான் எடுத்து நீட்டுவார்கள்.

இது முறையான ஆய்வுக் கட்டுரையே கிடையாது. ஜிம் கைல்ஸ் என்ற பத்திரிகையாளர் எழுதிய செய்திக் கட்டுரை. அறிவியல் தலைப்புகள் மட்டும், ஆங்கிலம் மட்டும். ஆனாலும் ‘விக்கிப்பீடியா’ என்று பொதுவாகச் சொன்னால் உலகத்து விக்கிகள் எல்லாமே அந்தத் தேர்வில் பாஸானதுபோல ஒரு நினைப்பு வந்துவிட்டது. தமிழ் விக்கிப்பீடியாவும் சத்தமில்லாமல் அந்தச் சான்றிதழின் நிழலில் ஒதுங்கிக்கொண்டது.

நான் செய்யூர்க்காரன். ஆறேழு வருஷமாக விக்கிப்பீடியாவைப் பற்றிய ஆய்வுகளைச் சேர்த்துவருகிறேன். இலவசமாகக் கிடைக்கிற பிடிஎஃப்களை இறக்கி, படித்து, தமிழில் அரைப் பக்கத்துக்குக் குறிப்பு எழுதி, நண்பர்கள் நாலைந்து பேருக்கு வாட்ஸப்பில் அனுப்புவேன். அவ்வளவுதான் என் ‘ஆராய்ச்சி’. “ஏம்பா, நம்ம உப்பளத்தப் பத்தி எழுதினாலாவது நாலு பேருக்கு உபயோகம். இத சேத்து வச்சு என்ன பண்ணப்போற?” என்று சித்தப்பா கேட்பார். உப்பளத்துக்கும் இதற்கும் தொடர்பு இருக்கிறது. கொஞ்சம் சுற்றிக்கொண்டுதான் அங்கே வர முடியும்.

விக்கிப்பீடியா 2001இல் தொடங்கியது. ஆராய்ச்சியாளர்கள் அதன்மேல் ஏன் இப்படி விழுந்தார்கள் என்பதற்குக் காரணம் எளிது: அங்கே எதுவும் அழிவதில்லை. யார் எந்த நிமிஷத்தில் எந்தக் கமாவை மாற்றினார் என்பதுவரை பதிவாகி இருக்கிறது. முழுத் தரவையும் யார் வேண்டுமானாலும் இறக்கிக்கொள்ளலாம். சமூகவியலாளனுக்கும் கணினிக்காரனுக்கும் அது கதவு திறந்துகிடந்த மிட்டாய்க்கடை. ஐபிஎம் ஆய்வகத்தில் இருந்த பெர்னாண்டா வியேகாஸும் மார்ட்டின் வாட்டன்பர்க்கும் கட்டுரைகளின் திருத்த வரலாற்றை வண்ணப் பட்டைகளாக வரைந்து 2004இல் வெளியிட்டார்கள். ஒருவன் வந்து பக்கம் முழுவதையும் அழித்தால் படத்தில் ஒரு கறுப்புக் கோடு விழும். சில நிமிஷங்களில் இன்னொருவர் அதைச் சரிசெய்திருப்பார். 2005இல் விக்கிகளுக்கென்றே விக்கிசிம் என்ற ஆய்வு மாநாடு சான் டியாகோவில் தொடங்கியது. அதற்குப் பிறகு வெள்ளம்தான்.

வெள்ளம் வந்ததும் அடுத்த சிக்கல், இத்தனையையும் சேர்த்துவைப்பது யார்? இங்கேதான் எனக்குப் பிடித்த முரண் ஒன்று இருக்கிறது. யாரும் எழுதலாம், யாரும் படிக்கலாம் என்ற கலைக்களஞ்சியத்தைப் பற்றிய ஆய்வுகள் பலவும் காசு கொடுத்தால்தான் திறக்கும் ஆய்விதழ்களுக்குள் பூட்டிக் கிடந்தன. தன்னைப் பற்றி என்ன எழுதியிருக்கிறார்கள் என்று படிக்க, அதை எழுதிக் கொடுத்தவனே 30 டாலர், 40 டாலர் கட்ட வேண்டும். இந்த எரிச்சலிலிருந்துதான் சேகரிப்பு வேலைகள் பிறந்தன. விக்கிபேப்பர்ஸ் என்று ஒரு விக்கி வந்தது. விக்கிகளைப் பற்றிய ஆய்வுகளுக்கு யார் வேண்டுமானாலும் அங்கே பட்டியல் சேர்க்கலாம். 2011இலிருந்து விக்கிமீடியா ஆய்வு மடல் மாதாமாதம் வருகிறது. புதிதாக வந்த ஆய்வுகளை விக்கிப்பீடியர்களே படித்துச் சுருக்கி, வேண்டிய இடத்தில் கடித்தும் வைப்பார்கள். சிட்டு ஒகோலியும் அவருடன் சேர்ந்தவர்களும் அதுவரை வந்த ஆய்வுகளைச் சலித்து 2012இல் ஒரு பெரிய மதிப்பாய்வை வெளியிட்டார்கள். அதன் தலைப்பைத் தமிழில் சொன்னால், சான்றோர் பார்வையில் மக்களின் கலைக்களஞ்சியம். கேலியும் மரியாதையும் சரிபாதி. டென்மார்க்கைச் சேர்ந்த ஃபின் ஓருப் நீல்சன் தன் பங்குக்கு ஒரு தொகுப்பைச் செய்தார். விக்கிமீடியா அறக்கட்டளை 2015இல், தன் ஆதரவில் நடக்கும் ஆய்வுகள் எல்லோருக்கும் திறந்திருக்க வேண்டும் என்று விதி கொண்டுவந்தது. கொஞ்சம் தாமதம்தான்.

சரி, சேர்த்துவைத்ததில் என்ன இருக்கிறது? என் கோப்புறையில் மொழிவாரியாகப் பெட்டி போட்டிருக்கிறேன். ஆங்கிலப் பெட்டி பிதுங்குகிறது. ஃபெலிப்பே ஒர்டேகா 2009இல் முடித்த முனைவர் ஆய்வு விக்கிப்பீடியாவை எண்களால் அளந்த பெரிய வேலை. எடுத்துக்கொண்டவை அன்றைய முதல் பத்து மொழிகள். எந்தக் கட்டுரைகளில் அதிகம் சண்டை நடக்கிறது என்று தஹா யாசேரி முதலானோர் செய்த ஆய்வும் பத்து மொழிகளைப் பார்த்தது. ஹங்கேரியன் உண்டு, செக் உண்டு, பாரசீகம் உண்டு. இந்திய மொழி ஒன்றுகூட இல்லை. ஆரன் ஹால்ஃபேக்கரும் கூட்டாளிகளும் 2013இல் காட்டியது இன்னும் பிரபலம்: ஆங்கில விக்கியில் 2007இல் உச்சத்தைத் தொட்ட பங்களிப்பாளர் எண்ணிக்கை பிறகு சரிந்தது, காவலுக்கு வைத்த தானியங்கிக் கருவிகள் நல்ல எண்ணத்தோடு வந்த புதியவர்களையும் சேர்த்து விரட்டியது அதற்கு ஒரு காரணம். அருமையான ஆய்வு. ஆனால் தமிழ் விக்கியில் வருகிறவர்களை விரட்டும் அளவுக்கு எப்போது கூட்டம் இருந்தது? நம் நோய் வேறு, அவர்கள் எழுதிய மருந்துச்சீட்டு வேறு.

தமிழ் விக்கியின் சண்டைகளும் வேறு மாதிரியானவை. ரொறன்ரோவா டொராண்டோவா? ஜ, ஸ, ஹ வரலாமா கூடாதா? யாழ்ப்பாணத்துக்காரர் எழுதியதை மதுரைக்காரர் ‘திருத்தலாமா’? இந்தக் கேள்விகளை ஆங்கில விக்கிக்குச் செய்த கருவியால் அளக்க முடியாது. ‘திருத்தத்தை மீளமைத்தார்’ என்று எண்ணிக்கையில் ஒன்று கூடும். ஒரே மொழியை இரண்டு நாட்டுக்காரர்கள் ஒரு பக்கத்தில் உட்கார்ந்து பங்கு பிரித்துக்கொண்டது கணக்கில் வராது.

இது புது விஷயம் என்றும் சொல்ல முடியாது. தமிழில் கலைக்களஞ்சியம் என்பதே எப்போதும் யாரோ சிலர் தலையில் தூக்கிச் சுமந்த வேலை. ஆ. சிங்காரவேலு முதலியார் கிட்டத்தட்ட தனி ஆளாகத் தொகுத்த ‘அபிதான சிந்தாமணி’, பாண்டித்துரைத் தேவரின் உதவியோடு மதுரைத் தமிழ்ச் சங்கம் வழியாக 1910இல் வந்தது. தி. சு. அவினாசிலிங்கம் செட்டியார் முன்னின்று நடத்திய தமிழ் வளர்ச்சிக் கழகத்தின் ‘கலைக்களஞ்சியம்’ 1954இலிருந்து 1968வரை பத்துத் தொகுதிகளாக வந்தது. முதன்மை ஆசிரியர் பெ. தூரன். முதலாவது ஒரு மனிதர், இரண்டாவது ஒரு நிறுவனம். மூன்றாவதாக 2003 செப்டம்பர் 30 அன்று யாரோ பெயர் தெரியாத ஒருவர் ஒரு வெற்றுப் பக்கத்தைத் திறந்ததிலிருந்து தமிழ் விக்கிப்பீடியா தொடங்குகிறது. அதே ஆண்டு நவம்பரில் இ. மயூரநாதன் வந்தார். யாழ்ப்பாணத்தவர், கட்டடக் கலைஞர், அப்போது அமீரகத்தில் வேலை. தளத்தின் பொத்தான்களையும் அறிவிப்புகளையும் தமிழாக்கியதில் தொடங்கி, ஆயிரக்கணக்கான கட்டுரைகளை எழுதினார். கனடாவின் தமிழ் இலக்கியத் தோட்டம் 2015ஆம் ஆண்டுக்கான இயல் விருதை அவருக்குக் கொடுத்தது. 2013இல் கட்டுரைகள் 50,000 ஆயின, 2017இல் ஒரு லட்சம்.

இந்த எண்களுக்கு நடுவே நடந்த ஒரு சம்பவம்தான் என் தமிழ்ப் பெட்டியில் முதலில் வைத்திருப்பது.

2009 வாக்கில் தமிழ் விக்கியில் திடீரென்று நீள நீளமான கட்டுரைகள் முளைக்கத் தொடங்கின. எழுதியவர்கள் யாருக்கும் பழக்கமில்லாத புதுப் பெயர்கள். மேலை நாட்டுப் பாடகர்கள், நடிகர்கள், மருந்துகள், நிறுவனங்கள் என்று தலைப்புகள். மொழி? வாக்கியத்தின் எலும்பு ஆங்கிலம், மேலே போர்த்திய தோல் தமிழ். யார் இவர்கள் என்று விசாரித்தால், கூகுள் தன் மொழிபெயர்ப்புக் கருவியைக் கொண்டு, கூலிக்கு ஆள்வைத்து ஆங்கிலக் கட்டுரைகளை மொழிபெயர்க்கச் செய்துகொண்டிருந்தது தெரியவந்தது. மக்கள் எதைத் தேடுகிறார்கள் என்ற கணக்கிலிருந்து தலைப்புகள் தேர்வாயின. மொழிபெயர்த்தவருக்குச் சொல்லுக்கு இவ்வளவு என்று கூலி. அதனால் கட்டுரையின் பேச்சுப் பக்கத்தில் போய்ப் பிழையைச் சுட்டினால் பதில் சொல்ல ஆள் இல்லை. 2010 ஜூலையில் கூகுள் வெளியிட்ட கணக்குப்படி தமிழ், தெலுங்கு, கன்னடம், இந்தி, குஜராத்தி, அரபி, சுவாகிலி மொழிகளில் மொத்தம் 1.6 கோடிச் சொற்கள் மொழிபெயர்க்கப்பட்டிருந்தன.

எண்ணிக்கையை மட்டும் பார்க்கிற ஆய்வாளனுக்கு இது வளர்ச்சி. வரைபடத்தில் கோடு மேலே ஏறும். உள்ளே இருந்தவர்களுக்கு அது வேறு மாதிரித் தெரிந்தது. அவர்கள் செய்தது எனக்கு இன்றுவரை ஆச்சரியம்: உட்கார்ந்து ஆராய்ந்தார்கள். சொற்பிழை எவ்வளவு, தொடர் அமைப்பில் என்ன கோளாறு, சிவப்பு இணைப்புகள் எத்தனை, வார்ப்புருக்கள் எங்கே உடைகின்றன, தலைப்பு தமிழ் வாசகனுக்குத் தேவையா என்று பட்டியல் போட்டார்கள். அதை 2010 ஜூலையில் போலந்தின் கதான்ஸ்க் நகரில் நடந்த விக்கிமேனியா மாநாட்டில் அ. இரவிசங்கர் எடுத்துவைத்தார். வங்காள விக்கிப்பீடியர்கள் அந்தத் திட்டத்துக்குக் கதவைச் சாத்தினார்கள். தமிழ் விக்கிப்பீடியர்கள் பேரம் பேசினார்கள்: தலைப்புகளை நாங்கள் தருகிறோம், போட்டதை முதலில் திருத்துங்கள், புதியது பிறகு. எனக்கு இரண்டாவது வழிதான் சரியென்று படுகிறது. ஆள் பற்றாக்குறையில் இருக்கிறவன் வருகிற உதவியை உதைக்க முடியாது, அதற்காக வாலையும் ஆட்ட வேண்டியதில்லை. அந்தத் திட்டம் பிற்பாடு நின்றுபோனது. கட்டுரைகளைச் செப்பனிடும் வேலை மட்டும் உள்ளூர் ஆட்கள் தலையில் நின்றது.

அந்த உரை ஓர் ஆய்வு. தரவு இருக்கிறது, முறை இருக்கிறது, முடிவு இருக்கிறது. ஆனால் அதை எழுதியவர்கள் பேராசிரியர்கள் இல்லை, வெளியான இடம் ஆய்விதழ் இல்லை. ஆய்விதழையும் மாநாட்டுத் தொகுதியையும் சல்லடையாக வைத்துச் சலிக்கும்போது இப்படிப்பட்டது கீழே விழுந்துவிடும். அதே 2010இல் கோவை உலகத் தமிழ்ச் செம்மொழி மாநாட்டை ஒட்டிக் கல்லூரி மாணவர்களுக்கு விக்கிக் கட்டுரைப் போட்டி நடந்தது. தேனி மு. சுப்பிரமணி ‘தமிழ் விக்கிப்பீடியா’ என்று ஒரு நூலே எழுதினார். மெய்யப்பன் பதிப்பக வெளியீடு. இவற்றைப் பற்றிய விவாதங்கள், கணக்குகள், மனத்தாங்கல்கள் எல்லாம் தமிழ் விக்கிக்குள் ‘ஆலமரத்தடி’ என்ற பொது உரையாடல் பக்கத்தின் பழைய தொகுப்புகளில் கிடக்கின்றன. எவ்வளவு அழகான பெயர்! ஊர்ப் பஞ்சாயத்து கூடுகிற இடம். பஞ்சாயத்தில் பேசியதை யார் ஆய்வென்று மதித்தார்கள்?

பஞ்சாயத்து என்றதும் எங்கள் வட்டாரத்துக்கு வருகிறேன். தமிழ்நாட்டில் 12,000க்கும் மேற்பட்ட ஊராட்சிகள். 2010களின் நடுவில் நீச்சல்காரன் என்ற பெயரில் இயங்கும் கணித்தமிழ் ஆர்வலர், அரசின் ஊரக வளர்ச்சித் துறைத் தரவைக் கொண்டு, ஒரு தானியங்கி வழியாக ஊராட்சிகளுக்குக் கட்டுரை உருவாக்கினார். செய்யூரைச் சுற்றியுள்ள இலத்தூர், சித்தாமூர் ஒன்றியத்துச் சிற்றூர்களுக்கு இணையத்தில் ஒரு முகவரி கிடைத்தது அப்படித்தான். மக்கள்தொகை, ஊராட்சி மன்றத் தொகுதிகள், கைக்குழாய்கள், மேல்நிலைத் தொட்டிகள், சுடுகாடுகள், சிற்றூர்களின் பெயர்கள். இதைக் கிண்டல் செய்கிறவர்கள் உண்டு. நான் செய்ய மாட்டேன். ஸ்வீடனின் ஸ்வெர்கர் யோகான்சன் உருவாக்கிய தானியங்கி பிலிப்பைன்ஸின் செபுவானோ மொழியில் லட்சக்கணக்கில் கட்டுரைகளைக் குவித்து, அந்த மொழியை எண்ணிக்கையில் உலகின் இரண்டாம் பெரிய விக்கிப்பீடியாவாக ஆக்கிவிட்டது. படிக்கவும் திருத்தவும் ஆள் இல்லாத மலை அது. இங்கே நடந்தது வேறு. ஊர்ப்பெயர்களாவது தமிழில், சரியான எழுத்தில், ஒரே இடத்தில் வந்து சேர்ந்தன.

ஆனால் தரவு நிற்கும், ஊர் நகரும். அந்தக் கட்டுரைகள் பிறந்தபோது நாங்கள் காஞ்சிபுரம் மாவட்டம். 2019 நவம்பரில் செங்கல்பட்டு தனி மாவட்டமானது. ஒவ்வொரு ஊராட்சிக்கும் மாவட்டம் மாற வேண்டும். எண்களை ஒரே மூச்சில் கொட்டுவது இயந்திரத்துக்குச் சுலபம். கைக்குழாய் ரிப்பேராகிக் கிடக்கிறது என்று சொல்ல ஊரில் ஆள் வேண்டும்.

ஆள் வந்தாலும் அடுத்த தடை காத்திருக்கிறது: ஆதாரம். அச்சில் வந்ததைத்தான் விக்கியில் எழுதலாம். சொந்த ஆய்வு கூடாது. நியாயமான விதி. அது இல்லாவிட்டால் ஆளுக்கொரு ஸ்தலபுராணம் எழுதிவிடுவார்கள். ஆனால் செய்யூரைப் பற்றி அச்சில் என்ன இருக்கிறது? 4,000 மெகாவாட் அனல் மின் நிலையம் வரப்போகிறது என்று அறிவித்த பிறகு ஆங்கிலச் செய்திகளில் எங்கள் ஊர்ப் பெயர் வருஷக்கணக்கில் அடிபட்டது. அந்த நிலையம் கட்டப்படவே இல்லை. கட்டாத மின் நிலையத்துக்குக் கட்டுக்கட்டாக ஆதாரம். தலைமுறை தலைமுறையாக உப்பு விளைகிற அளத்துக்கு எவ்வளவு கிடைக்கும்? பாத்தியில் தண்ணீர் எப்போது பதமாகும் என்பதைக் கண்ணால் பார்த்துச் சொல்கிற பெரியவர் இருக்கிறார். அவர் வாயிலிருந்து வருகிற சொற்கள் எந்த அகராதியின் எந்தப் பக்கம் என்று கேட்டால் நான் எங்கே போக?

இந்தக் கேள்வியை நேராகக் கேட்ட ஆய்வு ஒன்று உண்டு. 2011இல் பெங்களூருவைச் சேர்ந்த அச்சல் பிரபலா, விக்கிமீடியா அறக்கட்டளையின் உதவியோடு ‘வாய்மொழி மேற்கோள்’ முயற்சியை நடத்தினார். மலையாளம், இந்தி, தென்னாப்பிரிக்காவின் செபேடி ஆகிய மூன்று மொழிகள். அச்சில் இல்லாத விஷயங்களை அறிந்தவர்களிடம் பேசி, ஒலிப்பதிவு செய்து, அந்தப் பதிவையே அடிக்குறிப்பாகக் கொடுத்துப் பார்த்தார்கள். கேரளத்துப் பிள்ளைகள் விளையாடும் டப்பா களி அதில் ஒன்று. கோடிக்கணக்கானவர்கள் சின்ன வயதில் ஆடிய ஆட்டம். ஆனால் அடிக்குறிப்பு போட ஒரு புத்தகம் இல்லை. அந்த முயற்சி ஆங்கில விக்கியின் விதியை அசைக்கவில்லை. யார் பேச்சை நம்புவது, எதிர்ப்பேச்சை எங்கே வைப்பது என்ற ஆட்சேபங்களிலும் உண்மை இருக்கிறது. ஆனாலும் என் கோப்புறையில் நான் அதிகம் திரும்பத் திரும்பத் திறந்த ஆவணம் அதுதான்.

காரணம், எங்கள் ஊரின் இலக்கியமே வாய்மொழியாகச் சொல்லி எழுதப்பட்டது. ‘சேயூர் கலம்பகம்’, ‘சேயூர் முருகன் பிள்ளைத்தமிழ்’ இவற்றைப் பாடிய அந்தகக்கவி வீரராகவ முதலியார் பார்வையற்றவர். முதுகில் எழுதிக் காட்டச் சொல்லி எழுத்தைக் கற்றார் என்பது வழிவழியாக வரும் கதை. அவர் வாயால் சொன்னதை யாரோ ஓலையில் எழுதினார்கள், ஓலையிலிருந்து அச்சு, அச்சு வந்ததும் ‘ஆதாரம்’. வாய்க்கும் அடிக்குறிப்புக்கும் நடுவில் ஓலை பிடித்த அந்தக் கை மட்டும்தான் வித்தியாசம்.

இதெல்லாம் ஏன் இப்போது அவசரம்? 2020 ஆகஸ்டில் ஸ்காட்ஸ் மொழி விக்கிப்பீடியாவில் ஒரு குட்டு உடைந்தது. அந்த மொழி தெரியாத ஓர் அமெரிக்க இளைஞர், ஆங்கிலச் சொற்களை ஸ்காட்ஸ் மாதிரி வளைத்து, பல ஆண்டுகளாக அதன் கட்டுரைகளில் பெரும்பங்கை எழுதியிருந்தார். கெட்ட எண்ணம் கிடையாது. அத்தனை வருஷமும் எண்ணிக்கை மட்டும் ஏறிக்கொண்டே இருந்தது. உள்ளே என்ன மொழி என்று பார்க்க ஆள் இல்லை. இன்னொரு பக்கம், கூகுள் 2018இல் வெளியிட்ட பன்மொழி பெர்ட் என்ற மொழி மாதிரிக்கு விக்கிப்பீடியாதான் பாடப்புத்தகம். 104 மொழிகள், அதில் தமிழும் ஒன்று. யோசித்துப் பாருங்கள். 2009இல் ஆங்கில எலும்பின்மேல் தமிழ்த் தோலைப் போர்த்தி யாரோ கூலிக்கு எழுதிய வாக்கியம், திருத்த ஆள் இல்லாமல் அங்கேயே கிடந்திருந்தால், இயந்திரம் அதையும் தமிழென்றுதான் கற்றுக்கொள்ளும். பிறகு அதே தமிழை நமக்குத் திருப்பிப் பேசும். ஒரு கட்டுரையை யார், எப்போது, எந்தக் கருவியால் எழுதினார் என்பது வெறும் பழங்கதை இல்லை. இயந்திரம் எந்தத் தமிழைப் படித்தது என்று கேட்பவனுக்கு அதுதான் முதல் ஆவணம்.

அதனால் என் சேகரிப்பின் திசையைக் கொஞ்சம் மாற்றியிருக்கிறேன். ஆங்கில ஆய்வுகளைச் சேர்க்க உலகத்தில் ஆள் நிறைய. ஆய்வுக் கட்டுரைகளின் விவரத்தைத் தரவாகப் பதியும் வேலை விக்கித்தரவில் நடக்கிறது. நீல்சன் முதலானோர் உருவாக்கிய ஸ்காலியா அதை எடுத்து, எந்தத் தலைப்பில் யார் என்ன எழுதினார் என்று காட்டுகிறது. அங்கே பதிவதற்குப் பேராசிரியராக இருக்கத் தேவையில்லை. கதான்ஸ்க் உரை, உத்தமம் அமைப்பின் தமிழ் இணைய மாநாட்டு மலர்களில் உள்ள விக்கி பற்றிய கட்டுரைகள், சுப்பிரமணியின் நூல் என ஒவ்வொன்றுக்கும் தமிழில் அரைப் பக்கக் குறிப்பு, யாரும் எடுத்தாளலாம் என்ற உரிமத்தோடு. கதான்ஸ்க் உரைக்கு எழுதி முடித்துவிட்டேன். இப்போது ஆலமரத்தடியின் பழைய தொகுப்புகளில் 2009இலிருந்து வரிசையாகப் படித்து வருகிறேன். சண்டைகள் சுவாரசியமாகத்தான் இருக்கின்றன, ஆனால் ஒரு ஆள் படித்து முடிகிற அளவு இல்லை. மாதத்துக்கு ஒருவர் எடுத்துக்கொண்டால்கூடப் போதும்.